பழைய சொற்செயலி ஆவணங்களின் மூலத் தேதியைப் பாதுகாத்தல்

பழைய சொற்செயலி ஆவணங்களின் மூலத் தேதியைப் பாதுகாத்தல் என்பது, வேர்ட்ஸ்டார், மைக்ரோசாஃப்ட் வேர்ட் போன்ற மென்பொருள்களில் முன்பு தட்டச்சு செய்யப்பட்ட கடிதம், ஒப்பந்தம், சான்றிதழ், ஆண்டு மலர் முதலியவை எப்போது எழுதப்பட்டன என்ற தகவலை அழியாமல் காப்பதாகும். கோப்பை நகலெடுக்கும்போதும், புதிய வடிவத்துக்கு மாற்றும்போதும், சில சமயம் வெறுமனே திறந்து சேமிக்கும்போதும் இந்தத் தகவல் மாறிவிடுகிறது. தாளில் எழுதிய ஆவணத்தின் வயதைத் தாளும் மையும் ஓரளவு காட்டிக்கொடுக்கும். கணினிக் கோப்பு பழுப்பேறுவதில்லை. இருபத்தைந்து ஆண்டுக்கு முந்தைய கோப்பும் நேற்றைய கோப்பும் திரையில் ஒன்றுபோலவே தெரியும்.

நாமக்கல் மாவட்டத்தில் காவிரிக் கரையில், பவானிக்கு எதிரே உள்ள விசைத்தறி நகரமான குமாரபாளையத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இதுபோன்ற ஊர்களில் தட்டச்சு நிலையங்கள் 1990களில் மெல்ல மெல்லக் கணினி மையங்களாக மாறின. தறிக்கூட வாடகை ஒப்பந்தம், கூலி உயர்வு அறிவிப்பு, பணி அனுபவச் சான்று, கோயில் திருவிழா நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அங்கேதான் அடிக்கப்பட்டன. தாள் படியைக் கரையான் தின்றிருக்கும், அல்லது வீடு மாறும்போது தொலைந்திருக்கும். எஞ்சியிருப்பது ஒரு பிளாப்பியோ குறுவட்டோ மட்டும். ஒரு தறித் தொழிலாளி எந்த ஆண்டிலிருந்து வேலை பார்த்தார், வாடகை எப்போது உயர்த்தப்பட்டது, ஊர்ச் சங்கம் எந்த ஆண்டு தொடங்கியது போன்ற கேள்விகளுக்கு அந்தக் கோப்பின் தேதியே விடையாக அமையக்கூடும். அதைக் கவனமின்றித் திறந்து சேமித்தால் விடை போய்விடும்.

ஒரு கோப்பில் உள்ள தேதிகள்

'இந்தக் கோப்பின் தேதி என்ன' என்று கேட்பதே பாதிக் குழப்பம். ஒரு ஆவணத்துக்கு ஒரே தேதி கிடையாது.

முதலாவது, ஆவணத்தின் உள்ளே எழுதப்பட்ட தேதி. கடிதத்தின் மேல் 'நாள்' என்று போடுவது இது. எழுதியவர் சொல்ல விரும்பிய தேதி. உண்மையாகவும் இருக்கலாம், முன்தேதியிட்டதாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, கோப்புக்கு உள்ளேயே சொற்செயலி பதிந்து வைக்கும் தேதிகள். இவற்றை மீதரவு என்பர்; அதாவது ஆவணத்தைப் பற்றி ஆவணமே சுமந்து செல்லும் குறிப்பு. பழைய வேர்டின் 'டாக்' கோப்புகளில் உருவாக்கிய நேரம், கடைசியாகச் சேமித்த நேரம், கடைசியாக அச்சிட்ட நேரம், தட்டச்சில் செலவான மொத்த நிமிடங்கள், எத்தனை முறை சேமிக்கப்பட்டது ஆகியவை பதிவாகும். 2007க்குப் பிந்தைய 'டாக்எக்ஸ்' கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி. அதற்குள் இருக்கும் சிறிய உரைக்கோப்பு ஒன்றில் இத்தேதிகள் உள்ளன. லிப்ரே ஆபீசின் 'ஓடிடி' கோப்பும் இப்படிப்பட்டதே.

மூன்றாவது, கோப்புக்கு வெளியே, வட்டின் அட்டவணையில் இயங்குதளம் எழுதும் தேதிகள். டாஸ் காலத்தில் கடைசியாக மாற்றிய நேரம் ஒன்று மட்டுமே இருந்தது. விண்டோஸ் 95 வந்தபோது உருவாக்கிய நேரமும் கடைசியாக அணுகிய நாளும் சேர்ந்தன. கோப்புறையில் நாம் வழக்கமாகப் பார்ப்பது இந்தத் தேதிகளைத்தான். இவை கோப்போடு ஒட்டியவை அல்ல, வட்டோடு ஒட்டியவை. கோப்பு வேறு வட்டுக்குப் போனால் இவை புதிதாக எழுதப்படலாம்.

ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் பழக்கமானது. சுவடியின் கடைசியில் இன்ன ஆண்டு, இன்ன மாதம் எழுதி முடிந்தது என்று குறிப்பு இருக்கும். அது பெரும்பாலும் ஏட்டைப் படியெடுத்தவர் முடித்த நாள், நூலாசிரியர் பாடிய நாள் அன்று. கோப்பின் 'உருவாக்கிய தேதி'யும் பல நேரங்களில் படியெடுத்தவரின் தேதிதான்.

தேதி மாறும் வழிகள்

விண்டோஸில் ஒரு கோப்பை வேறு வட்டுக்கு நகலெடுத்தால், மாற்றிய தேதி பழையபடியே இருக்கும். உருவாக்கிய தேதி மட்டும் நகலெடுத்த நேரமாக மாறும். அதனால்தான் '2019இல் உருவாக்கப்பட்டு 1998இல் மாற்றப்பட்ட' கோப்புகளைக் காண முடிகிறது. பிறப்பதற்கு முன்பே திருத்தப்பட்டதுபோலத் தோன்றும் இது மோசடி அன்று. 2019இல் யாரோ நகலெடுத்தார்கள் என்பதற்கான அடையாளம். இத்தகைய கோப்பில் பழைய தேதியான 1998தான் பயனுள்ளது.

மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பினால் பெறுபவரின் கணினியில் வெளித்தேதிகள் பொதுவாக இறக்கிய நேரமாகிவிடும். உள்ளே பதிந்த மீதரவு மட்டும் தப்பும். ஜிப் பொதியாக்கி அனுப்பினால் மாற்றிய தேதியும் பொதிக்குள் பத்திரமாகப் போகும்.

இதைவிட ஏமாற்றுவது, தானாக மாறும் தேதி. வேர்டில் தேதியைச் செருகும்போது 'தானாகப் புதுப்பி' என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தால், அங்கே இருப்பது எழுத்து அன்று, ஒரு புலம். கோப்பை எப்போது திறந்தாலும் அது அன்றைய தேதியைக் காட்டும். 1999இல் கொடுத்த அனுபவச் சான்றை இன்று திறந்தால் இன்றைய தேதி இருக்கும். அப்படியே அச்சிட்டால் யாருக்கும் தெரியாமலே ஒரு பொய்ச் சான்று உருவாகும். ஆல்ட் விசையுடன் எஃப்9 அழுத்தினால் தேதி இருந்த இடத்தில் புலத்தின் குறி தெரியும். அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். கடைசியாகச் சேமித்தபோது அந்தப் புலம் காட்டிய தேதி கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கும். டாக்எக்ஸ் கோப்பானால், அதன் நகல் ஒன்றுக்கு ஜிப் என்று பின்னொட்டை மாற்றி, உள்ளே இருக்கும் ஆவண உரைக்கோப்பைத் திறந்தால் அதைப் படிக்கலாம். ஆனால் நடுவில் யாராவது ஒருமுறை திறந்து சேமித்திருந்தால் அந்தச் சுவடும் போயிருக்கும்.

தட்டச்சு மையங்களின் வேலைமுறையும் ஒரு காரணம். போன வருடத்து வாடகை ஒப்பந்தத்தைத் திறந்து, பெயரையும் தொகையையும் மாற்றி, அதன் மேலேயே அடித்துச் சேமிப்பது வழக்கம். அவசரத்துக்கு அதுதான் வசதி. குறை சொல்லவும் முடியாது. ஆனால் அப்படிச் செய்த கோப்பின் உள்ளே உருவாக்கிய தேதி, வேறு யாருடைய ஒப்பந்தத்துக்கோ உரியதாக இருக்கும். 'வேறு பெயரில் சேமி' என்று சேமித்திருந்தால் நிலைமை வேறு. அப்போது வேர்ட் காட்டும் உருவாக்கத் தேதி, அந்தப் பெயரில் முதலில் சேமித்த நாள். அச்சிட்ட தேதி மட்டும் பழைய கோப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்து, உருவாக்கிய தேதிக்கு முந்தியதாக நிற்கலாம். இருபது பக்க ஒப்பந்தத்துக்கு மொத்தத் தட்டச்சு நேரம் மூன்று நிமிடம் என்று காட்டினாலும் அதே கதைதான்: வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டியது.

கடிகாரத்தையும் நம்பிவிட முடியாது. டாஸ் இயங்குதளத்தின் நாட்காட்டி 1980 சனவரி 1இல் தொடங்குகிறது. தாய்ப்பலகையில் உள்ள சிறிய மின்கலம் தீர்ந்துபோன பழைய கணினிகள் மின்சாரம் நின்றால் அந்தத் தொடக்கத் தேதிக்கோ, தயாரிப்பாளர் வைத்த வேறொரு தேதிக்கோ திரும்பிவிடும். 1-1-1980 என்று தேதியிட்ட தமிழ்க் கோப்பு கிடைத்தால், அது அன்று எழுதியது என்று பொருள் இல்லை. கணினிக்குத் தேதி தெரியவில்லை என்று பொருள்.

நேர வலயமும் ஒரு நாளைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். பிளாப்பியும் பழைய பென் டிரைவும் பயன்படுத்திய ஃபேட் முறை உள்ளூர் நேரத்தை எழுதும். இன்றைய விண்டோஸ் வட்டுகளின் என்டிஎஃப்எஸ் முறை உலகப் பொது நேரத்தை எழுதும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. 2010 சனவரி 1 அன்று அதிகாலை 4 மணிக்குச் சேமித்த டாக்எக்ஸ் கோப்பின் உள்ளே 2009 டிசம்பர் 31, இரவு 10.30 என்று பதிவாகியிருக்கும். வேர்ட் அதை உள்ளூர் நேரமாக மாற்றிக் காட்டும். பொதியைப் பிரித்து நேராகப் படிப்பவர் ஆண்டையே தவறாக எழுதிவிடக்கூடும்.

உள்ளடக்கமே சொல்லும் சாட்சி

மீதரவு எல்லாம் அழிந்துவிட்ட கோப்பிலும் வயதைக் கணிக்க வழி உண்டு. உரையில் உள்ள பெயர்களும் குறிகளும் பிறந்த ஆண்டு தெரிந்தவை.

நாமக்கல் மாவட்டம் 1997 சனவரி 1 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுச் செயல்படத் தொடங்கியது. ஆகவே '1995' என்று தேதியிட்ட ஒரு ஒப்பந்தத்தில் 'குமாரபாளையம், நாமக்கல் மாவட்டம்' என்று முகவரி இருந்தால் ஐயப்பட வேண்டும். அது பின்னாளில் அடிக்கப்பட்டிருக்கும், அல்லது பழைய ஒப்பந்தத்தைப் புதிதாகத் தட்டச்சு செய்தபோது முகவரியை 'சரி' செய்திருப்பார்கள். இந்தச் சாட்சி ஒருபக்கம்தான் பேசும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். புதிய பெயர் இருந்தால் பழைய தேதி பொருந்தாது. ஆனால் 'சேலம் மாவட்டம்' என்று இருப்பதால் மட்டும் அது 1997க்கு முந்தியது ஆகிவிடாது. அச்சடித்த கடிதத்தாள் தீரும்வரையும், பழகிய கை மாறும்வரையும் பழைய பெயரே ஓடிக்கொண்டிருக்கும்.

இந்திய ரூபாய்க்கான தனிக் குறியீட்டை மத்திய அரசு 2010 சூலை 15 அன்று ஏற்றது. அதே ஆண்டு அக்டோபரில் அது ஒருங்குறியில் சேர்ந்தது. 2005 தேதியிட்ட கோப்பில் அந்தக் குறியீடு இருக்க முடியாது. சரக்கு மற்றும் சேவை வரி 2017 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குரிய 15 இலக்கப் பதிவு எண்ணுடன் 2015ஆம் ஆண்டு ஜவுளி விலைப்பட்டியல் இருந்தால் அதுவும் அப்படியே.

எழுத்துருக்களும் சாட்சி சொல்லும். ஒருங்குறித் தமிழுக்கான லதா எழுத்துரு விண்டோஸ் 2000உடன் வந்தது. விஜயா விண்டோஸ் 7உடனும், நிர்மலா விண்டோஸ் 8உடனும் வந்தன. 1996 தேதியிட்ட கோப்பு லதா எழுத்துருவில் இருந்தால், குறைந்தது அந்த வடிவமாவது பிற்காலத்தது. இவ்வகைச் சான்று உலகறியப் பேசப்பட்டது 2017இல், பாகிஸ்தானில். அப்போதைய பிரதமர் நவாஸ் ஷெரீப்பின் குடும்பச் சொத்து பற்றிய விசாரணையில், 2006 பிப்ரவரி என்று தேதியிட்ட ஓர் ஆவணம் காலிப்ரி எழுத்துருவில் இருந்தது. அந்த எழுத்துரு விண்டோஸ் விஸ்டா, ஆபீஸ் 2007 ஆகியவற்றுடன் பொதுமக்கள் கைக்கு வந்தது 2007 சனவரி கடைசியில். சோதனைப் பதிப்பில் முன்பே கிடைத்தது என்ற எதிர்வாதமும் எழுந்தது. நவாஸ் ஷெரீப் பதவியிழந்தது வேறொரு காரணத்தால் என்றாலும், ஓர் எழுத்துரு தேதியைக் கேள்விக்குள்ளாக்க முடியும் என்பது அன்று பலருக்கும் தெரியவந்தது.

தமிழ் ஆவணங்களுக்கு மற்றொரு வசதி உண்டு. கல்யாணப் பத்திரிகையிலும் திருவிழா நோட்டீசிலும் தமிழ் ஆண்டு, மாதம், கிழமை, ஆங்கிலத் தேதி நான்கையும் போடுவது நம் வழக்கம். ஒன்று பிசகினாலும் மற்றவை காட்டிக்கொடுக்கும். 03/04/1998 என்று மட்டும் இருந்தால் அது ஏப்ரல் 3ஆ, அமெரிக்க முறைப்படி மார்ச் 4ஆ என்ற ஐயம் வரும். பங்குனி, வெள்ளிக்கிழமை என்று கூடவே இருந்தால் ஏப்ரல் 3. மாசி, புதன்கிழமை என்றால் மார்ச் 4. ஆனால் 'பிரபவ ஆண்டு' என்று மட்டும் எழுதிவிட்டால் 1927-28ஆ, 1987-88ஆ என்று அறுபது ஆண்டு இடைவெளியில் தடுமாற நேரிடும்.

எழுத்துரு மாற்றமும் தேதியும்

ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ்க் கோப்புகள் பல்வேறு குறியாக்கங்களில் இருந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் குறியாக்கங்கள் தமிழக அரசின் தரங்களாயின. இணையக் குழுக்களில் திஸ்கி வழங்கியது. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் பாமினி மிகுதி. தனியார் எழுத்துருக்கள் தத்தம் முறையை வைத்திருந்தன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் இக்கோப்புகள் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பைபோலத் தெரியும். 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் முதலில் திஸ்கியில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்குக் கொண்டுவந்தது.

பழைய கோப்புகளின் தேதி பெருமளவில் தொலைவது இந்த மாற்றத்தின்போதுதான். மாற்றிச் செயலியில் பழைய உரையை ஒட்டி, வந்த ஒருங்குறி உரையைப் புதிய கோப்பில் சேமிக்கிறோம். அந்தப் புதிய கோப்பின் எல்லாத் தேதிகளும் இன்றைய தேதிகள். அதன்பின் 'இனி எதற்கு' என்று பழையதை அழித்துவிட்டால், மூலத் தேதியோடு எந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டது என்ற சான்றும் சேர்ந்து அழிகிறது. படிக்க முடியவில்லை என்பது அழிப்பதற்குக் காரணம் ஆகாது. குப்பையாகத் தெரியும் அந்தக் கோப்புதான் மூலம். படிக்கத் தெளிவாக இருப்பது அதன் பெயர்ப்பு.

பாதுகாக்கும் முறை

முதல் வேலை, கோப்பைத் திறப்பதற்கு முன்பே தொடங்குகிறது. பிளாப்பியைக் கணினியில் இடுமுன் எழுதத் தடை செய்துகொள்ள வேண்டும். மூன்றரை அங்குலப் பிளாப்பியில் மூலையில் உள்ள சிறு தகட்டை நகர்த்தித் துளை திறந்திருக்குமாறு வைத்தால் அதில் எழுத முடியாது. ஐந்தேகால் அங்குலத்தில் நேர்மாறு: பக்கவாட்டு வெட்டை ஒட்டுத்தாளால் மூடினால்தான் தடை. ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய குறுவட்டுக்கு இந்தக் கவலை இல்லை. அதில் உள்ள தேதிகளை எளிதில் மாற்ற முடியாது என்பதால், பழைய கோப்புகளின் வேறு நகல்கள் இருந்தாலும் குறுவட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது நல்லது.

அடுத்து, கோப்புறையின் பட்டியலை, பெயர், அளவு, எல்லாத் தேதிகளும் தெரியும்படி திரைப்படமாகவோ உரையாகவோ பதிந்துகொள்ள வேண்டும். நகலெடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. நகலெடுத்தபின் செய்தால் பாதிப் பயன்தான். விண்டோஸில் உள்ள ரோபோகாப்பி கட்டளை கோப்பின் நேரங்களையும் சேர்த்து நகலெடுக்கும். லினக்ஸில் நகல் கட்டளையுடன் நேரத்தைக் காக்கும் தெரிவைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் மாற்றிய தேதியும் போய்விடும். இரண்டும் பழக்கமில்லாதவர்கள் ஜிப் பொதியாக்கினாலே மாற்றிய தேதி காப்பாற்றப்படும்.

பின்னர் மூல நகலைப் 'படிக்க மட்டும்' என்று குறித்து ஒதுக்கி வைத்துவிட்டு, இன்னொரு நகலை மட்டுமே திறக்க வேண்டும். புதிய வேர்ட் பதிப்புகள் மிகப் பழைய வேர்ட் கோப்புகளைப் பாதுகாப்புக் காரணத்துக்காகத் திறக்க மறுப்பதுண்டு. அப்போது லிப்ரே ஆபீஸ் கைகொடுக்கும். திறந்தவுடன் பண்புகள் பகுதியில் உள்ள தேதிகளைக் குறித்துக்கொள்ளலாம். மூடும்போது 'மாற்றங்களைச் சேமிக்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்பதே விடை. எதையும் மாற்றவில்லையே, ஏன் கேட்கிறது என்று தோன்றும். தானாக மாறும் தேதிப் புலம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டதால்கூட அது கேட்கும்.

கண்டறிந்த தேதியைக் கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுவது பயனுள்ள பழக்கம். '1998-04-03-வாடகை-ஒப்பந்தம்' என்று பெயரிட்டால் கோப்புகள் கால வரிசையில் தாமே அடுக்கிக்கொள்ளும். எந்த வட்டுக்குப் போனாலும் அந்தத் தேதி கூடவே வரும். பழைய பெயரைக் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். டாஸ் காலத்தின் எட்டெழுத்துப் பெயரும் ஒரு சான்றுதான். குறிப்பேட்டில் எந்தத் தேதி எங்கிருந்து கிடைத்தது என்பதையும் எழுத வேண்டும்: உரையில் உள்ளது, மீதரவில் உள்ளது, வட்டில் உள்ளது, ஊகித்தது என்று தனித்தனியாக. நான்கும் ஒத்துப்போகாவிட்டால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை விட்டுவிடாமல், முரண்பாட்டை அப்படியே பதிவுசெய்ய வேண்டும்.

சிலர் கணினியின் கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்பி, புதிய கோப்பைப் 'பழைய தேதியிலேயே' சேமித்துவிடுகிறார்கள். நல்ல எண்ணத்தில் செய்தாலும் இது பாதுகாப்பு ஆகாது. பார்ப்பவருக்கு அதுவே மூலம் என்ற தவறான நம்பிக்கையைத் தரும். பின்னாளில் கண்டுபிடிக்கப்பட்டால் உண்மையான கோப்புகளும் ஐயத்துக்கு உள்ளாகும்.

சட்டத்தில் தேதியின் இடம்

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 7ஆம் பிரிவு, ஆவணங்களை மின்வடிவில் வைத்திருக்க அனுமதிக்கும்போதே நிபந்தனைகளும் விதிக்கிறது. ஆவணம் பின்னால் எடுத்துப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். உருவான வடிவிலோ, அதைத் துல்லியமாகக் காட்டும் வடிவிலோ இருக்க வேண்டும். அது எங்கிருந்து வந்தது, எங்கே போனது, அனுப்பிய அல்லது பெற்ற தேதியும் நேரமும் என்ன என்று அறியும் விவரங்களும் கிடைக்க வேண்டும்.

நீதிமன்றத்தில் மின்னணுச் சான்றைச் சேர்க்க இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு ஒரு சான்றிதழைக் கேட்டது. மூலக் கருவியையே முன்வைக்காமல் அதன் படியைத் தருபவர்களுக்கு அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்பதை உச்ச நீதிமன்றம் 2014இல் அன்வர் எதிர் பஷீர் வழக்கில் கூறியது; 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் அதை உறுதி செய்தது. 2024 சூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தில் வந்துள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 63ஆம் பிரிவு இதைக் கையாள்கிறது. அதற்கான சான்றிதழ்ப் படிவத்தில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும்.

ஹாஷ் என்பது கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் கணக்கிட்டுப் பெறும் நீண்ட எண்-எழுத்துச் சரம். உள்ளே ஒரு கால் புள்ளி மாறினாலும் சரம் முற்றிலும் வேறாகிவிடும். விண்டோஸிலும் லினக்ஸிலும் இதைக் கணக்கிடும் கருவி உடனேயே வருகிறது. தனியாக வாங்க வேண்டியதில்லை. ஆனால் இது கணக்கிடுவது உள்ளடக்கத்தை மட்டுமே. கோப்பின் பெயரையோ வட்டு காட்டும் தேதியையோ மாற்றினால் ஹாஷ் மாறாது. எனவே 1998இல் எழுதியது என்று ஹாஷ் நிரூபிக்காது. ஹாஷ் எடுத்த நாளிலிருந்து கோப்பு மாறவில்லை என்று மட்டுமே நிரூபிக்கும். 2025இல் எடுத்த ஹாஷ் 2025 முதல்தான் பேசும். அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு மீதரவையும், குறுவட்டையும், உரைக்குள் இருக்கும் மாவட்டப் பெயரையும் கிழமையையும்தான் நாட வேண்டும்.